கொத்தனார் கிடைத்தார்

பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்களுக்கு இந்த உலகத்தில் எத்தனையோ சௌகரியங்கள் இருக்கின்றன. ஜாதகம் இருக்கிறது, தரகர் இருக்கிறார், பத்திரிகையில் விளம்பரம் இருக்கிறது, பிள்ளை வீட்டாரின் யோக்கியதையை மூன்று தலைமுறைக்கு ஒப்பிக்கக் கூடிய அத்தைமார்கள் இருக்கிறார்கள். ஒழுகுகிற வீட்டுக்கு ஒரு நல்ல கொத்தனாரைத் தேடுகிறவனுக்கோ இவற்றில் ஒன்றும் கிடையாது. அவன் சுவரைப் பார்க்கிறான், கூரையைப் பார்க்கிறான், கடைசியில் ஆகாயத்தைப் பார்க்கிறான்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு இஞ்சினீயர் உண்டு, வரைபடம் உண்டு, கடன் கொடுத்த பாங்கிக்காரர் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பதும் உண்டு. பெரிய அடுக்குமாடிகளைக் கட்டி விற்கிறவர்களை அடக்குவதற்கு 2016-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டமே செய்தது. ஆனால் விற்பனை சம்பந்தமில்லாத பழுது வேலைக்கு அந்தச் சட்டப்படி பதிவு வேண்டியதில்லை. பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவன் அநாதை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் உபாத்திமை செய்கிறவன். சரித்திரம் போதிக்கிறேன். இரண்டு ஊருக்கும் நடுவே ஏழு மைல் தூரந்தான். கட்டட விஷயத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கர்வப்படக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரத்துக்கு நிற்கிறது. ராஜபாளையத்தில் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் பஞ்சாலை தொடங்கினார். 1957-இல் சிமெண்டுக் கம்பெனியையும் ஸ்தாபித்தார். இப்படிக் கோபுரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே தினந்தோறும் பஸ்ஸில் போய் வருகிற ஒருவன் ஒரு கொத்தனாருக்காக மூன்று மாதம் அலைந்தான் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அலைந்தவனுக்கு வராது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வயது. முன்கட்டு என் பாட்டனார் காலத்தது. தேக்குச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக, கோணவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, தட்டோடு பதித்த மச்சு அது. இஞ்சினீயர்கள் இதை 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள். பின்கட்டில் ஓர் அறை மட்டும் என் தகப்பனார் 1984-இல் கான்கிரீட்டில் போட்டது. அந்தக் காலத்தில் கான்கிரீட் என்றால் ஜனங்களுக்கு ஒரு மயக்கம். இனிமேல் இந்த அறைக்குப் பேரன் காலம் வரையில் கவலையில்லை என்று தகப்பனார் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பேரன் காலம் வரும் முன்பே, பேத்தி பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில், அந்தக் கான்கிரீட்டுக்குத்தான் முதலில் ஆபத்து வந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. எங்கள் பக்கம் அதில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கே போதுமானதாயிருந்தது. மார்கழி பிறந்த சமயமானதால் அம்மா விடியற்காலம் நான்கரை மணிக்கே எழுந்து ஸ்நானம் செய்யப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அவள் கிணற்றடியில் இருக்கும்போது, பின்கட்டு அறையில் 'தொப்' என்று ஒரு சப்தம். போய்ப் பார்த்தால் கட்டிலில், தலையணை இருக்கும் இடத்தில், ஒரு முழம் அகலத்துக்குக் கான்கிரீட்டுக் காரை விழுந்து கிடந்தது. மேலே துருப் பிடித்த கம்பிகள் விலா எலும்பு போல் தெரிந்தன.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, ஆண்டாள்தான் என்னை எழுப்பிவிட்டா" என்றாள். எனக்கு அப்போது வாயில் பேச்சு வரவில்லை.

அன்றைக்கே கட்டிலை முன்கட்டுக்கு மாற்றினோம். அங்கே உத்தரத்து மூலையில் ஒழுக்கு. ஒழுக்குக்குக் கீழே அண்டாவும், அண்டாவுக்கு அப்பால் அம்மாவின் கட்டிலுமாக அந்த மார்கழி கழிந்தது. கையில் இருந்த பணம் ரூ.2,00,000. பெண்ணை அடுத்த ஜூன் மாதத்தில் கலாசாலையில் சேர்ப்பதற்காகச் சேர்த்தது. அதில் எவ்வளவு கூரைக்குப் போகும், எவ்வளவு கலாசாலைக்கு மிஞ்சும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்னை.

நல்ல கொத்தனார் வேண்டும் என்று நாலு பேரிடம் சொன்னேன். எல்லாரும் உடனே ஒருவரைச் சொன்னார்கள். சொன்னவரின் மைத்துனர், மைத்துனரின் சகபாடி, பெண் கொடுத்த இடத்தில் ஒருவர். 'அவர் செய்த வேலை ஏதாவது பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டால், 'தங்கமான மனுஷன்' என்று பதில் வரும். தங்கமான மனிதர்கள் நாட்டில் அதிகமாக இருக்கிறார்கள். சிமெண்டு வேலை தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

முதலில் வந்தவர் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு காண்ட்ராக்டர். அறை வாசலில் நின்றபடியே அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. "சார், இதையெல்லாம் ஒட்டுப்போட முடியாது. பின்கட்டோடு முன்கட்டையும் இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகப் போட்டுவிடலாம்" என்றார். பின்கட்டுக்கு மட்டும் ரூ.4,50,000 ஆகுமென்றும், முன்கட்டுத் தேக்குச் சட்டங்களைத் தாமே கிரயத்துக்கு எடுத்துக்கொண்டு கணக்கில் கழித்துவிடலாமென்றும் தாராளமாகச் சொன்னார். அந்தச் சட்டங்களைத் தடவிப் பார்த்தபோது அவர் முகத்தில் தோன்றிய பிரியம், அம்மா விழுந்த காரையைக் காட்டியபோது தோன்றவில்லை.

இரண்டாமவர் ரசாயனப் பூச்சுக்காரர். அவரிடம் வர்ணப் படங்கள் போட்ட புஸ்தகம் ஒன்று இருந்தது. மாடியில் வெள்ளையாக ஒரு பூச்சு இரண்டு தரம் அடித்தால் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம், செலவு ரூ.38,000. கம்பிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "கீழே பட்டி பார்த்து மூடிவிடலாம், தெரியாது" என்றார். தெரியாது என்பது உண்மைதான். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். உள்ளே அது பருக்கப் பருக்க, மேலே மூடின காரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடுத்த மார்கழியிலும் ஆண்டாளே வந்து எழுப்ப வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாதல்லவா?

சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு, லக்னோ நகர அபிவிருத்தி ஸ்தாபனத்தின் வழக்கில், வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் பரிகாரம் தேடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானம் என்ற வார்த்தையே சேர்ந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த தொகை ரூ.5,00,000 வரை இருந்தால் மனுக் கட்டணம்கூடக் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் மனுவோடு சேர்க்க ஒரு காகிதம் வேண்டுமே? எங்கள் பக்கத்தில் கொத்தனாருக்குக் கொடுக்கும் பணம் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கப்படுவது; ரசீது கேட்பது அவரை அவமதிப்பதாகக் கருதப்படும். என் சக உபாத்தியாயர் ஒருவர் ரூ.60,000 முன்பணம் கொடுத்து, ஒரு லோடு மணலும் பாதி இடித்த சமையலறையும் மிச்சமாகி, எட்டு மாதம் திண்ணையில் சமையல் செய்தார். ஜில்லாக் கோர்ட்டு எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதன் வாசல் வழியாகத்தான் அவர் தினமும் பஸ்ஸுக்குப் போய்வந்தார்.

ஆகையால் தேடும் மார்க்கத்தை மாற்றினேன். யாருடைய வீட்டில் வேலை இப்போது நடக்கிறது என்று கேட்பதை நிறுத்தினேன். முடிந்து மூன்று ஐப்பசி தாண்டிய வேலை எங்கே இருக்கிறது என்று விசாரிக்கலானேன். புதுப் பூச்சு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கல்யாணத்தன்று எல்லாப் பிள்ளைகளும் லட்சணமாயிருப்பது போல. பழையபாளையம் பக்கத்தில் இரண்டு வீடுகள், எங்கள் ஊர் ரத வீதிக்கு அருகில் ஒன்று. மூன்றிலும் வேலை செய்தவர் ஒரே கொத்தனார் என்பது தற்செயலாகத் தெரிந்தது. ஒரு வீட்டு அம்மாள் அவரைப் பற்றிக் குறையும் சொன்னாள்: "சொன்ன தேதிக்கு வரமாட்டார். பத்து நாள் இழுத்தடிச்சார். ஆனா வந்தப்புறம் ஒரு சொட்டு ஒழுகலை." குறையோடு சேர்ந்து வந்த அந்தப் புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இன்னொரு விசாரணையும் செய்தேன். கொத்தனாரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடச் சித்தாள்களிடம் கேட்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அவர் அப்போது வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்குப் போய், சாந்துச் சட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிக் கொண்டிருந்த இரண்டு பெண்களிடம், சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடைக்கிறது என்றார்கள். வீட்டுக்காரர் பணம் தராத வாரங்களில்? "கைமாத்து வாங்கியாச்சும் குடுத்துருவாருங்கய்யா" என்றாள் ஒருத்தி. 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தங்கள் பேரைப் பதிவு செய்து அட்டை வாங்கித் தந்தவரும் அவரே என்று மற்றவள் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் சித்தாளை ஏமாற்றாதவர் திங்கட்கிழமை காலையில் சிமெண்டு மூட்டையை ஏமாற்றமாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன்.

அவர் வந்தார். சொன்ன தேதிக்கு ஆறு நாள் கழித்து வந்தார். வந்தவர் காபி சாப்பிடும் முன் ஏணியைக் கேட்டார். மாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நடுவில் தேங்கிற்று. பிறகு கீழே வந்து, சுத்தியல் காம்பினால் கூரை முழுவதும் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டங்' என்றது. சில இடத்தில் 'பொத்' என்றது. 'பொத்' என்ற இடத்தையெல்லாம் கரிக்கட்டியால் வளைத்துப் போட்டார். முடிந்ததும் பார்த்தால் கூரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வளைவுக்குள் அடங்கியிருந்தது.

"சார், அந்தக் காலத்திலே கம்பியைத் தூக்கி வைக்காமே, சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்திட்டாங்க. கம்பிக்குக் கீழே கனம் இல்லை. மேலே தண்ணி நிக்குது. அதான் சங்கதி. இடிக்க வேண்டாம். ஒட்டு ஒழுங்காப் போட்டா இருபது வருஷம் நிக்கும். அதுக்கு மேலே நான் சத்தியம் பண்ணமாட்டேன்" என்றார்.

முன்கட்டு மச்சை ஏறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் விசேஷம். "இது என் வேலை இல்லை, சார். சுண்ணாம்பு வேலை எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் கை வச்சா கெட்டுப் போகும். உங்க ஊர்லயே ஒரு பெரியவர் இருக்காரு." கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதரை அந்த மூன்று மாதத்தில் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

இருந்தாலும் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தேன். சாமான் நான் வாங்கித் தருவது. கூலி மட்டும் அவருக்கு ரூ.46,000, வேலை ஆக ஆக மூன்று தவணை, ரூ.6,000 மட்டும் அடுத்த கார்த்திகை கடைசியில், மழை பார்த்த பிறகு. காலிச் சிமெண்டுச் சாக்குகளை எண்ணி ஒப்படைப்பது என்றுகூட ஒரு ஷரத்து. இதைப் பார்த்து அவருக்குக் கோபம் வருமோ என்று உள்ளுக்குள் பயந்தான். நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரி, சார். நான் எந்தத் தேதியிலே எதை முடிக்கணும்னு எழுதியிருக்கீங்க. நீங்க எந்தத் தேதியிலே பணம் தருவீங்கன்னு எழுதலையே?" என்றார்.

பிறகு சாவகாசமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் கடைசித் தவணை வராத வேலைகள் பதினொன்றாம். அவற்றில் ஒன்று ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வீடு. பூச்சில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்பார்கள். கதவு இடிக்கிறது என்பார்கள். ஊரில் இல்லை என்பார்கள். சித்தாள் கூலியைத் தம் மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த வருஷமும் உண்டாம். கொத்தனார்கள் ஏன் முன்பணத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள், ஒரு வேலை முடியும் முன் இன்னொன்றில் ஏன் கால் வைக்கிறார்கள் என்று நாம் ஆயிரம் தடவை அங்கலாய்க்கிறோம். நம்பகமான கொத்தனாரைத் தேடி நான் அலைந்த அதே வீதிகளில் அவர்கள் நம்பகமான வீட்டுக்காரரைத் தேடி அலைகிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தவணைத் தேதிகளை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அம்மா சாட்சி.

வேலை மாசியில் ஆரம்பமாயிற்று. முதலில் அறை முழுவதும் முட்டுக் கொடுத்தார்கள். 'பொத்' என்ற இடங்களைக் கொத்தி எடுத்து, கம்பிகளை உலோகப் பிரஷ்ஷினால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளைத்துப் போன இடத்தில் பக்கத்திலேயே புதுக் கம்பி கட்டி, துருத் தடுப்பு மருந்து பூசி, காரையை ஒரேயடியாக அப்பாமல் படிப்படியாக ஏற்றினார்கள். சிமெண்டுக் கடையில் 53 கிரேடு வாங்கப் போனவனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "பூச்சுக்கு அது வேண்டாம் சார், சீக்கிரம் விரியும், சாதா பி.பி.சி. போதும்" என்றார். மூட்டைக்குக் கொஞ்சம் பணமும் மிச்சம். மேலே பழைய ஓட்டைப் பெயர்த்துவிட்டு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்துத் தளம் போட்டார். பூசிய பிறகு பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டாள். வேறு யாரையும் நம்பி விடவில்லை.

முன்கட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்தவர். ஒழுகின மூலையில் யாரோ எப்போதோ போட்டிருந்த சிமெண்டு ஒட்டைக் காலால் தட்டி, "இதுதான் வியாதி" என்றார். சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்டு இரண்டும் செய்யாது. அதனால் ஒட்டின ஓரத்தில் பிளந்துகொண்டு தண்ணீரை உள்ளே அழைக்கிறது. அவர் கடுக்காயையும் வெல்லத்தையும் நாள் கணக்கில் ஊறவைத்தார். நீர்த்த சுண்ணாம்பைச் சலித்தார். செங்கல் ஜல்லியோடு கலந்து பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் தட்டச் சொன்னார். மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நான்கு நாள் தட்டினார்கள். கட்டை தளத்தில் பதியாமல் எகிறி வரும்வரையில் அவர் விடவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அந்தச் சுண்ணாம்பு மெள்ள மெள்ள மறுபடியும் கல்லாகிவிடும் என்பது ரசாயன சாஸ்திரம். அவருக்கு ரசாயனம் தெரியாது. கட்டையின் சப்தம் தெரியும்.

1945-இல் இந்தியாவுக்கு வந்து கேரளத்தில் ஆயிரக்கணக்கான சிக்கன வீடுகளைக் கட்டிய லாரி பேக்கரிடம், வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைலுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதாகச் சொல்வார்கள். எங்கள் பெரியவரின் சாமான்கள் ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள் அடங்கின. ஆனால் அவருக்குப் பிறகு இந்த வேலைக்கு ஆள் ஐந்து மைலில் இல்லை. ஐம்பது மைலிலும் கிடைப்பார்களோ என்னவோ! பேரன் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறான். மாதச் சம்பளம் வருகிறபோது நாலு நாள் தளம் தட்ட வா என்று எப்படிக் கூப்பிடுவது என்று அவரே கேட்டார்.

எல்லாம் சேர்ந்து ரூ.1,31,000 ஆயிற்று. மிச்சத்தோடு என் வைப்பு நிதியில் கொஞ்சம் கடன் எடுத்துப் பெண்ணைக் கலாசாலையில் சேர்த்தோம்.

2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் மறுபடியும் தெற்கே பலத்த மழை. 13-ந் தேதி திருக்கார்த்திகை. அகல் விளக்குகளை வாசலில் வைக்க முடியாமல் முன்கட்டில் உள்ளேயே வரிசையாக வைத்தோம். அண்டா வைக்கிற இடத்திலும் ஒரு விளக்கு வைத்தாள் அம்மா. அது அணையவில்லை. பின்கட்டு அறையில் நான் டார்ச் விளக்கு வைத்துக்கொண்டு கரிக்கட்டி வளையங்கள் இருந்த இடமெல்லாம் தடவிப் பார்த்தேன். கையில் ஈரம் படவில்லை.

15-ந் தேதி, கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொத்தனார் தாமே வந்தார். இந்தத் தடவை சொன்ன தேதிக்கு. பணத்தை வாங்கும் முன் ஏணியைக் கேட்டு மாடிக்குப் போய், வாட்டத்தின் ஓரத்தில் சேர்ந்திருந்த வேப்பஞ்சருகைக் காலால் தள்ளிவிட்டு, "மாசம் ஒரு தடவை கூட்டிவிடுங்க, சார்" என்றார். ரூ.6,000-த்தை எண்ணிப் பார்த்து, அதில் ஐந்நூறைத் தனியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சித்தாளுக்குத் தீபாவளிப் பாக்கியாம்.

திண்ணையில் சமைத்த அந்தச் சக உபாத்தியாயர் இப்போது கொத்தனாருடைய விலாசம் கேட்டிருக்கிறார். தை முடியும் வரையில் அவருக்கு வேலை இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டும், கடைசித் தவணைத் தேதியையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.